அதிர்வுக்கு இளகும் உராய்வு

அமெரிக்க வீடுகளில் ஓக் அல்லது மேப்பிள் பலகை பாவி, மேலே பாலியூரித்தேன் வார்னிஷ் பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய தரைகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட கூடத்தில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழகிய தொல்லை இருக்கிறது. சப்வூஃபர் இருந்த இடத்தில் இருப்பதில்லை. சுவரோரம் நேராக வைத்த பெட்டி, இரண்டு மூன்று படம் பார்ப்பதற்குள் ஒருக்களித்துத் திரும்பி நிற்கிறது. சில வீடுகளில் ஒரு சாண் முன்னால் வந்துவிடுகிறது. பெட்டியின் எடை 15 கிலோவுக்குக் குறையாது. யாரும் அதைத் தள்ளவில்லை. தரையும் கண்ணுக்குச் சமமாகவே தெரிகிறது.

வழுவழுப்பான தரை, பலமான ஸ்பீக்கர், அதனால் வழுக்குகிறது என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதிதான் சரி. மின்சாரத்தை அணைத்துவிட்டு, அதே பெட்டியை அதே தரையில் விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள், அசையாது. ஒலிக்கும்போது அதே விரல் போதும். இடையில் தரையும் மாறவில்லை, பெட்டியின் எடையும் மாறவில்லை. மாறியது உராய்வு. அதிர்வின் முன்னால் உராய்வு தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. பொறியியலிலும் நிலநடுக்கவியலிலும் பெரிய பெரிய விளைவுகளை உண்டாக்கும் அந்த மாற்றத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கக் கிடைப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் பெட்டியைத் தள்ளுவது எது என்று பார்த்துவிடலாம். சப்வூஃபர் 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள அடித்தொனிக்கென்றே செய்த ஸ்பீக்கர். இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு ஏராளமான காற்றை அசைக்க வேண்டும். அதனால் அதன் கூம்பு அகலமாகவும் கனமாகவும் இருக்கும். நீண்ட தூரம் முன்னும் பின்னும் போய்வரும். 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூம்பும் அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும் சேர்ந்து 150 கிராம் இருக்கட்டும். படத்தில் ஒரு வெடிச்சத்தம் வருகிறது. 30 ஹெர்ட்ஸில் கூம்பு நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர் முன்னே, 10 மில்லிமீட்டர் பின்னே போய்வருகிறது. ஒவ்வொரு கோடியிலும் கூம்பின் முடுக்கத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு நொடி 355 மீட்டர் வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 36 மடங்கு. 150 கிராமை இப்படி விரட்ட 53 நியூட்டன் விசை வேண்டும்; ஐந்தரைக் கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். கூம்பை முன்னே தள்ளும் காந்தத்தை அதே 53 நியூட்டன் பின்னே தள்ளுகிறது. காந்தம் பெட்டியோடு திருகி இறுக்கப்பட்டது. ஆகவே நொடிக்கு 30 முறை யாரோ பெட்டியை 53 நியூட்டனால் முன்னும் பின்னும் உலுக்குவது போல்தான்.

இதில் ஒரு அழகான ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. காதுக்கு எட்டும் ஒலியழுத்தம் கூம்பின் முடுக்கத்தைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் அதே ஒலியழுத்தம் வேண்டுமானால் கூம்பு 10 மில்லிமீட்டர் போக வேண்டாம், அதில் கால்வாசி, இரண்டரை மில்லிமீட்டர் போதும். முடுக்கம் மட்டும் மாறாமல் இருக்கும். அப்படியானால் பெட்டியை உலுக்கும் விசையும் மாறாது. எந்த அதிர்வெண்ணானாலும், அதே ஒலியழுத்தத்துக்கு அதே உலுக்கல். ஒலியைக் குறைக்காமல் உலுக்கலை மட்டும் குறைக்க வழியில்லை, ஒரே ஒரு கூம்பு இருக்கும்வரை.

எதிரே நிற்பது உராய்வு. 15 கிலோ பெட்டி தரையை அழுத்தும் விசை 147 நியூட்டன். இதில் எவ்வளவு பங்கு உராய்வாகக் கிடைக்கும்? லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எடையில் நாலில் ஒரு பங்கு என்று எழுதிவைத்தார். அவர் காலத்தில் அது யாருக்கும் தெரியாமல் போயிற்று. 1699-ல் பிரெஞ்சுக்காரரான கியோம் அமொன்டோன் பாரிஸ் அறிவியல் கழகத்தில் தம் முடிவைச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்கு என்றார். இருவரும் சொன்ன பங்கு எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்று இன்று தெரியும்; ஆனால் உலர்ந்த வழுவழுப்பான கால்களுக்கு இந்த வீச்சு நல்ல மதிப்பீடுதான். லியனார்டோ கணக்கில் நம் பெட்டிக்கு 37 நியூட்டன் தடை, அமொன்டோன் கணக்கில் 49. கூம்பு தள்ளுவதோ 53. உரத்த வெடிச்சத்தம் ஒவ்வொன்றிலும் உராய்வு தோற்கிறது. நூலிழையில்தான் தோற்கிறது, ஆனாலும் தோற்கிறது.

கூம்பு கீழ்நோக்கிப் பொருத்திய பெட்டிகளும் உண்டு. அவை பக்கவாட்டில் தள்ளுவதில்லை. அதனால் தப்பித்துவிடும் என்று தோன்றும். அங்கே அந்த 53 நியூட்டன் மேலும் கீழுமாக வேலை செய்கிறது. தரையை அழுத்தும் விசை ஒரு கணம் 200 நியூட்டன், மறு கணம் 94. அழுத்தம் குறையும் அந்தக் கணத்தில் உராய்வும் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. நொடிக்கு 30 முறை பிடி தளரும் பெட்டி அது.

சரி, பெட்டி முன்னும் பின்னும் வழுக்குகிறது. முன்னே போன அளவு பின்னே வந்துவிட்டால் இருந்த இடத்திலேயே அல்லவா அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும்? ஏன் ஒரே பக்கமாக நகர்ந்து போகிறது? இந்தக் கேள்விக்குள்தான் மொத்த வியப்பும் இருக்கிறது.

உலர் உராய்வின் அளவு வேகத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. அதன் திசைதான் மாறும். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு நேர் எதிரே திரும்பிக்கொள்ளும். பெட்டி நிற்கும்போது உராய்வு எல்லாத் திசையிலும் காவல் நிற்கிறது. பெட்டி முன்பின்னாக வழுக்கத் தொடங்கியதும் அந்தக் காவல் முழுவதும் முன்பின் திசைக்குப் போய்விடுகிறது. அந்த நேரம் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இழுத்தால் அதைத் தடுக்க மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். பெட்டி முன்பின்னாக நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் வழுக்கும்போது, பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் வேகத்தில் நழுவினால், உராய்வில் பத்தில் ஒரு பங்குதான் அந்த நழுவலை எதிர்க்கும். நழுவல் இன்னும் மெதுவானால் எதிர்ப்பு இன்னும் குறையும். இதன் பொருள் என்ன? இந்த அளவுக்குக் குறைவான விசை பெட்டியை அசைக்காது என்ற எல்லைக்கோடே அழிந்துவிடுகிறது. எவ்வளவு சிறிய இழுப்பும் நகர்த்தும். சிறிதானால் மெதுவாக நகர்த்தும், அவ்வளவுதான். திடப்பொருளின் உராய்வு, தேனுக்குள் நகரும் பொருளுக்கு இருக்கும் தடையைப் போல் ஆகிவிடுகிறது.

அந்தச் சிறிய இழுப்பு எங்கிருந்தும் வரலாம். பின்புறக் கேபிளின் முறுக்கு போதும். தரைச் சரிவு போதும். பழைய மரத்தரை மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிந்திருப்பது சாதாரணம். கண் அதைக் காணாது. அந்தச் சரிவில் நம் பெட்டியை இழுக்கும் விசை 0.7 நியூட்டன், உராய்வில் எழுபதில் ஒரு பங்கு. பெட்டி நிற்கும்போது இது ஒன்றுமே இல்லை. நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் அதிர்ந்து வழுக்கும்போது, அதில் எழுபதில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 0.14 மில்லிமீட்டர் வீதம், பெட்டி சரிவில் இறங்குகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் இடி, வெடி, எஞ்சின் உறுமல் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் என்று வைத்தால் எட்டரை சென்டிமீட்டர்! தோராயக் கணக்குதான்; ஆனால் மக்கள் சொல்லும் தூரம் ஏறக்குறைய இதுதான்.

சமையல் மேடையில் ஓடும் மிக்ஸி விளிம்பை நோக்கி நகர்வதும் இதே கதைதான். உள்ளே சமனில்லாமல் சுழலும் எடை உலுக்குகிறது, மேடையின் சின்னச் சரிவு இழுத்துப் போகிறது. அதன் காலில் ரப்பர் புஷ்ஷை யாரும் அலங்காரத்துக்காக வைக்கவில்லை.

நகர்வதாவது பரவாயில்லை, பெட்டி திரும்புகிறதே, அதற்கு என்ன காரணம்? இந்தக் கேள்வியை உலகம் முதலில் கேட்டது சப்வூஃபரைப் பார்த்து அல்ல, கல் தூண்களைப் பார்த்து. 1783-ல் தென் இத்தாலியின் கலாப்ரியாவைப் பெரும் நிலநடுக்கங்கள் தொடர்ந்து உலுக்கின. அங்கே சான்டோ ஸ்டெஃபானோ டெல் போஸ்கோ மடத்தின் முகப்பில், அடுக்கடுக்காகக் கல் வைத்துக் கட்டிய இரண்டு கூர்நுனித் தூண்கள் இருந்தன. அதிர்ச்சி ஓய்ந்த பிறகு பார்த்தால் பீடம் அப்படியே இருக்கிறது. மேலே உள்ள கற்கள் மட்டும், விழாமல், ஒன்றன்மேல் ஒன்று திரும்பி நிற்கின்றன. அந்தப் படம் சார்லஸ் லயல் எழுதிய நிலவியல் நூலில் இடம்பெற்று அறிஞர்கள் பலரைக் குழப்பியது. பூமியே சுழல்போலச் சுற்றியிருக்க வேண்டும் என்று அன்று விளக்கம் சொன்னார்கள்.

டப்ளின் நகரத்துப் பொறியாளர் ராபர்ட் மாலட் அதை ஏற்கவில்லை. சுழல் எதுவும் வேண்டாம், நேர்கோட்டில் முன்பின்னாக ஆடும் சாதாரண அதிர்வே போதும் என்று அவர் 1846-ல் எழுதினார். கல்லின் எடை மையம் ஓரிடத்தில் இருக்கிறது. அடியிலுள்ள கல்லோடு அது பிடித்திருக்கும் பிடியின் மையம் இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால், தள்ளும் ஒவ்வொரு முறையும் கல் அந்தப் பிடியைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பும். நிலநடுக்க அறிவியலை எண்ணும் அளவும் கொண்ட துறையாக ஆக்கியவர்களில் மாலட் முன்னோடி. அந்தப் பயணம் இந்தத் திரும்பிய கற்களிடமிருந்துதான் தொடங்கியது. சப்வூஃபருக்கு நான்கு கால். ஒரு காலின் அடியில் தூசி, இன்னொன்று நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால், பிடியின் மையம் அந்த நல்ல காலின் பக்கம் விலகிவிடும். பெட்டி அதைச் சுற்றித் திரும்பும். மாலட் சொன்னதற்கு மேல் இதில் சேர்க்க ஒன்றுமில்லை.

அதிர்வு உராய்வைக் கரைக்கும் என்பதை விமானத் துறையினர் அன்றாட வேலையில் கற்றார்கள். உயரங்காட்டி போன்ற கருவிகளுக்குள் நுண்ணிய பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் உராய்வால் முள் சில நேரம் பிடித்து நின்றுவிடும். பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் இந்தத் தொல்லை தெரியவில்லை, எஞ்சினின் நடுக்கமே முள்ளை விடுவித்துக்கொண்டிருந்தது. ஜெட் எஞ்சின் வழவழப்பாக ஓடியது, முள் ஒட்டிக்கொண்டது. அதனால் உயரங்காட்டிக்கு உள்ளேயே ஒரு சின்ன அதிர்வியை வேண்டுமென்றே வைத்துச் செய்தார்கள். எஞ்சினே இல்லாத கிளைடர் ஓட்டுபவர்கள் கண்ணாடியை விரலால் தட்டிவிட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

இதையே பூமி தன் அளவில் செய்கிறது. 1992 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைநிலத்தில் லாண்டர்ஸ் அருகே 7.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. அடுத்த நிமிடங்களிலும் மணிகளிலும் மேற்கு அமெரிக்காவின் பல மூலைகளில், 1,250 கிலோமீட்டர் தள்ளியுள்ள யெல்லோஸ்டோன் வரை, சிறு நடுக்கங்கள் கிளம்பின. 2002 நவம்பர் 3 அன்று அலாஸ்காவின் டெனாலியில் 7.9 அளவு அதிர்ச்சி வந்தபோது, 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அதே யெல்லோஸ்டோன் மறுபடியும் அதிர்ந்தது. கடந்துபோகும் அலை அந்தத் தொலைவில் மிக மெலிந்தது. ஆனால் பாறைப் பிளவுகள் ஏற்கெனவே இழுவிசை ஏறி, உராய்வின் பிடியில் மட்டும் நின்றுகொண்டிருந்தன. மெல்லிய அதிர்வு அந்தப் பிடியை இளக்கியிருக்கிறது. பிளவுக்குள் உள்ள நீரும் வெந்நீர் ஊற்றுகளும் இதில் பங்கெடுக்கின்றன; அறிவியலாளர்கள் உராய்வையும் இவற்றையும் சேர்த்தே ஆராய்கிறார்கள்.

இனி, பெட்டியை எப்படி நிறுத்துவது?

எடை கூட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பெட்டியின் மேல் கருங்கல் பலகை ஒன்றை வைத்து எடையை இருமடங்காக்கினால் அமொன்டோன் கணக்கில் உராய்வு 98 நியூட்டன் ஆகும். 53 அதை வெல்ல முடியாது. இந்த வழி பலிக்கும். ஆனால் 15 கிலோ கல்லை ஸ்பீக்கர் தலையில் ஏற்றி வாழ்வது நல்ல வாழ்க்கை இல்லை; கல்லைப் பெட்டியோடு ஒட்டாமல் விட்டால் கல் தனியாகக் கிணுகிணுக்கும்.

காலின் பரப்பை அகலமாக்குவது இன்னொரு யோசனை. கடினமான காலுக்கு இது உதவாது. உராய்வு தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்பது அமொன்டோன் சொன்னதிலேயே அவர் காலத்தவர் நம்ப மறுத்த பகுதி. ஏன் அப்படி என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் துலங்கியது. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும், இரண்டு உலோகப் பரப்புகள் தொடும் இடத்தில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து 1939-ல் வெளியிட்டார்கள். கண்ணுக்கு முழுக்கத் தொடுவதாகத் தெரியும் பரப்பில் உண்மையில் தொடுவது ஆயிரத்தில், சில நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மேடுகளின் நுனிகள் மட்டும் தொடுகின்றன. பாரம் கூடினால் அந்த நுனிகள் நசுங்கித் தொடும் இடம் கூடுகிறது. மொத்தப் பரப்பை அகலமாக்கினால் ஒவ்வொரு நுனிக்கும் பாரம் குறைந்து கணக்கு சரியாகிவிடுகிறது.

பலர் காலடியில் ஃபெல்ட் ஒட்டுகிறார்கள். தரை கீறக் கூடாது என்ற அக்கறை நியாயமானது. ஆனால் ஃபெல்ட் மேசை நாற்காலிகள் சுலபமாக நகர்வதற்காகவே விற்கப்படுவது. நகர வேண்டாத பெட்டிக்கு அதை ஒட்டுவதைவிடத் தவறான வேலை இல்லை. கூர்முனை உலோகக் கால்கள் மரத்தைக் குத்திப் பிடிக்கும்; தரையில் குழியும் விழும்.

கடைசியாக ரப்பர். அமொன்டோன் விதி மண்டியிடும் இடம் இது. ரப்பர் இளகி, எதிரே உள்ள பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கி ஒட்டுகிறது. அதனால் அதற்கு அகலம் உதவுகிறது, அதிக அழுத்தம் பிடியின் விகிதத்தைக் குறைக்கிறது. ரப்பர் எப்படி வழுக்குகிறது என்பதை 1963-ல் கே. ஏ. குரோஷும், 1971-ல் அடால்ஃப் ஷாலமாக்கும் விரிவாக ஆராய்ந்தார்கள். ஷாலமாக் கண்டது விந்தையானது: மிருதுவான ரப்பர் கண்ணாடிமேல் வழுக்கும்போது பல நேரம் வழுக்குவதே இல்லை. மடிப்பு ஒன்று முன் விளிம்பில் பிறந்து, ஒட்டியிருந்த பரப்பைப் பிரித்து, மறுபடி ஒட்டவைத்தபடி, பின் விளிம்புவரை ஓடி மறைகிறது. அடுத்த மடிப்பு கிளம்புகிறது. இருவரும் வேலை செய்த இங்கிலாந்து ஆய்வகத்தை நடத்தியது மலாயா ரப்பர் உற்பத்தியாளர்களின் பணம். அந்தத் தோட்டங்களில் விடியலுக்கு முன் விளக்கோடு போய்ப் பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். உராய்வு அறிவியலின் இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆகவே பெட்டி நகராது என்று முடித்தால் அதிலும் பாதிதான் உண்மை. ரப்பர் செய்யும் பெரிய உதவி பிடிப்பதல்ல, வளைந்துகொடுப்பது. கணக்குப் போட்டபோது என்னை மிகவும் மகிழ்வித்த பகுதி இதுதான்.

பெட்டியைத் தரையே இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிட்டால் கூம்பின் உலுக்கலில் அது எவ்வளவு ஆடும்? கூம்பு 150 கிராம், பெட்டி 15 கிலோ. நூறில் ஒரு பங்கு. கூம்பு 10 மில்லிமீட்டர் போனால் பெட்டி 0.1 மில்லிமீட்டர்தான் எதிரே போகும். ஒரு தாளின் தடிமன். பெட்டி கேட்பது இவ்வளவுதான். கடினமான கால் இந்தத் தாள் தடிமனைக்கூடக் கொடுக்க மறுக்கிறது. மறுப்பதால் முழு 53 நியூட்டனையும் தரையின் உராய்வு சுமக்க நேர்கிறது, சுமக்க முடியாமல் விடுகிறது. 15 மில்லிமீட்டர் உயரமுள்ள மிருதுவான ரப்பர் கால் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் சாய்வது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அடிப்பகுதி தரையில் அசையாமல் இருக்க, மேற்பகுதி பெட்டியோடு ஆடிக்கொள்ளும்.

அப்போது தரைக்கு எவ்வளவு விசை போகும்? பெட்டியின் எடையில் 5 மில்லிமீட்டர் அமுங்கும் அளவு மிருதுவான கால்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மேல் பெட்டியின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 7 முறை. பக்கவாட்டிலும் அதே இளக்கம் என்றால், 30 ஹெர்ட்ஸ் உலுக்கலில் தரைக்கு இறங்கும் விசை ஏறக்குறைய 3 நியூட்டன். ஐம்பத்து மூன்று மூன்றாகிவிட்டது! இந்த 3 நியூட்டனைத் தாங்க லியனார்டோவின் கால்பங்கு உராய்வே பத்து மடங்குக்கு மேல் மிச்சம். வழுக்கல் தொடங்குவதே இல்லை. வழுக்கல் இல்லாததால் உராய்வு எல்லாத் திசையிலும் காவலில் நிற்கிறது. சரிவும் கேபிளும் எதுவும் செய்ய முடியாது.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. கால்களின் இயல்பான ஆட்டம் சப்வூஃபரின் மிகத் தாழ்ந்த ஒலியைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் அருகருகே வந்தால் பெட்டி துள்ளும். அதனால் எடைக்கேற்ற மிருது முக்கியம்: கனத்த பெட்டிக்குச் செய்த காலை லேசான பெட்டிக்கு வைத்தால் அது அமுங்காது, வேலையும் செய்யாது. இன்னொன்று, பொருள் வெறும் ஸ்பிரிங்போல் இல்லாமல் ஆட்டத்தைத் தனக்குள் விழுங்கித் தணிக்க வேண்டும். சோர்போதேன் போன்ற மிருதுவான பாலியூரித்தேன் அரைக்கோளங்களை அதற்காகவே விற்கிறார்கள்.

பெட்டியைத் தரையோடு இறுக்கிப் பிடிக்காவிட்டால் அடித்தொனி பலவீனமாகும் என்று ஒலிப்பிரியர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பெட்டி 0.1 மில்லிமீட்டர் பின்வாங்குவதால் கூம்பின் வீச்சில் இழப்பது நூறில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் 0.09. எந்த மனிதக் காதும் அதைக் கண்டுபிடிக்காது. மாறாக, தரைப் பலகை அதிர்ந்து தானும் ஓர் ஒலிப்பலகையாக முழங்குவது நின்று, ஒலி தெளிவாகக் கேட்கலாம்.

தரையையும் பெட்டியையும் பிரிக்கும் இந்த உத்தியில் கட்டடங்களே நிற்கின்றன. லண்டனில் செயின்ட் ஜேம்ஸஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே 1960-களின் நடுவில் எழுந்த ஆல்பனி கோர்ட் குடியிருப்பு, ரயிலின் அதிர்வு ஏறாதிருக்க ரப்பர் திண்டுகள்மேல் அமர்த்தப்பட்டது. 1963 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஸ்கோப்யே நகரில் 1969-ல் பெஸ்டலோசி பள்ளியை ரப்பர் கட்டிகளின் மேல் கட்டினார்கள். நியூசிலாந்தின் பில் ராபின்சன் ரப்பருக்கு நடுவே ஈயத் தண்டைச் செருகி, ஆட்டத்தைத் தணிக்கும் தாங்கியை 1970-களில் உருவாக்கினார். 2001 ஜனவரி 26 அன்று இடிந்த பூஜ் மருத்துவமனைக்குப் பதிலாக எழுந்த புதிய கட்டடம் அத்தகைய தாங்கிகளில்தான் நிற்கிறது. அங்கே பூமி ஆடுகிறது, கட்டடம் ஆடாமல் இருக்க வேண்டும். இங்கே பெட்டி ஆடுகிறது, தரை ஆடாமல் இருக்க வேண்டும். சமன்பாடு ஒன்றுதான்.

மரத்தரை வைத்திருப்பவர்கள் ரப்பரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ரப்பர்களில் கலந்துள்ள எண்ணெய்ப் பசையும் வேதிப்பொருள்களும் மாதக்கணக்கில் வார்னிஷுக்குள் ஊறி மஞ்சளாகவோ பழுப்பாகவோ வட்டம் விழச்செய்யும்; அது துடைத்தால் போகாது. காலுக்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய கார்க் தகடோ, தரைக்குத் தீங்கில்லை என்று குறிப்பிட்டு விற்கும் பட்டையோ இருப்பது நல்லது. அப்புறம் தூசி. ரப்பரின் பிடி ஒட்டுதலில் இருக்கிறது. மெல்லிய தூசிப்படலம் விழுந்தால் ரப்பர் தூசியோடுதான் ஒட்டும், தரையோடு அல்ல. ஈரத்துணியால் காலையும் தரையையும் துடைத்துக் காயவிட்டு வைத்தாலே பல பெட்டிகள் நின்றுவிடும். பணம் செலவாகாத இந்த வழியைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

ஒரே கூம்பு இருக்கும்வரை உலுக்கலைக் குறைக்க வழியில்லை என்றேன். இரண்டு கூம்பு இருந்தால் வழி இருக்கிறது. பெட்டியின் இரு பக்கமும் முதுகோடு முதுகாக ஒரே மாதிரிக் கூம்புகளை வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருமாறு ஓட்டினால், ஒன்றின் பின்னுதைப்பை மற்றொன்றின் பின்னுதைப்பு அழித்துவிடும். காற்றழுத்தம் கூடும், பெட்டிக்கு உலுக்கல் மிஞ்சாது. கெஃப் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கேசி62 என்ற சிறிய சப்வூஃபர் இப்படிப்பட்டது. ஆப்பிள் 2019-ல் கொண்டுவந்த 16 அங்குல மேக்புக் ப்ரோ மடிக்கணினியின் ஸ்பீக்கர்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. உலுக்கல் இருந்தால் மடிக்கணினியின் மெல்லிய உடல் கிடுகிடுத்திருக்கும்.

இவ்வளவும் செய்து, பெட்டி ஓர் இம்மியும் நகராமல், தரைக்கு ஓர் அதிர்வும் இறங்காமல் நிறுத்திய பிறகும் மேசைமேல் உள்ள கண்ணாடிக் கோப்பை நடுங்கக்கூடும், கீழ்த்தளத்தில் இருப்பவர் கதவைத் தட்டக்கூடும். 30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பதினொரு மீட்டருக்கு மேல். அது அறையின் காற்றை முழுதாக அழுத்தி விடுகிறது. அந்த அழுத்தம் சுவரையும் பலகைத் தரையையும் நேரடியாகத் தள்ளுகிறது. அந்த வழியை அடைக்க எடையுள்ள சுவரும் தளமும்தான் வேண்டும்; பெட்டியின் காலில் எதை ஒட்டினாலும் ஆகாது.